ஊர்ப்புற நூலகங்கள் மாலையில் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரிப் படுகை மாவட்டங்களில் உள்ள ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் ஆகியவற்றின் வேலை நேரத்தையும், அவற்றில் நடைபெற வேண்டிய நிகழ்ச்சிகளையும் குறித்து நூலகத் துறையின் கவனத்துக்கும் ஊராட்சிகளின் கவனத்துக்கும் சில செய்திகளைக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் நான் வழக்கமாகச் செல்லும் நூலகம் காலையில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கிறது. நடவுக்கும் களை பறிக்கவும் போகும் பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கினால் உச்சிப்பொழுது கடந்த பிறகே கரையேறுகிறார்கள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பேருந்து பிடித்து வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. நாளிதழ் பார்க்க வரும் முதியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இரண்டொருவரும்தான் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் குறைந்திருப்பதைக் காட்டி, கிராமத்தில் படிக்கும் பழக்கமே போய்விட்டது என்று பேசுவோரைக் கேட்கும்போது வேதனையாக இருக்கிறது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் ஊர் முழுவதும் வயலில் நிற்கிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, பதிவேடு எழுதுவது, பெருக்கித் துடைப்பது எல்லாமே ஒருவர் தலையில்தான் விடிகின்றன. ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் கண்டு கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பூசணம் பிடித்தபோது, அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெயில் எட்டிப் பார்த்ததும் வாசலில் சாக்கு விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி உலர்த்தியதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். இத்தனை அக்கறையுடன் காக்கப்படும் புத்தகங்கள் உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் என் ஆதங்கம்.

இதற்கான வழியை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. 1931இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பவை அவற்றுள் இரண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதிலும் அவருடைய உழைப்பு உண்டு. அந்த விதிகளைத் தந்தவர் பிறந்த மண்ணிலேயே, வாசகருக்கு ஒழியாத நேரம் பார்த்து நூலகம் திறப்பது எந்த வகையில் பொருந்தும்?

எனவே வேலை நேரத்தின் ஒரு பகுதியையேனும் மாலை ஐந்து மணிக்கு மேல் மாற்றி வைக்க வேண்டும். குறுவை, சம்பா நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் இது கட்டாயத் தேவை. கூடுதல் பணியாளர் இல்லாமல் இது நடக்காது என்பதையும் அறிவேன். ஆள் போடுவது அரசின் பொறுப்பு. அதுவரை வாசகர் வட்டத்தினர் வாரத்தில் ஒரு நாள் ஒரு பை புத்தகங்களுடன் நூலகம் இல்லாத தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போய் வர நூலகரே அனுமதி வழங்கும்படி செய்யலாம்.

நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு என்று முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அவை நல்லவைதாம். ஆனால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கெடுவும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல் ஆகியவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் விவசாயிகள் அலைகிறார்கள். ஐப்பசி பிறந்ததும் நூலகத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம், விவரம் தெரிந்த ஒருவர் அமர்ந்து அறிவிப்புகளை உரக்கப் படித்து விளக்கினால், இதுவரை நூலகப் படியேறாதவர்களும் வருவார்கள். எழுத்தறியாத மூத்தோருக்காகக் கதைகளையும் செய்திகளையும் வாசித்துக் காட்டும் வழக்கத்தையும் இதனுடன் சேர்த்துத் தொடங்கலாம்.

பணம் இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். நாம் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும் அந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டும். எங்கள் ஊராட்சியில் ஆண்டுதோறும் எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது, எவ்வளவு நிலுவை என்ற மூன்று விவரங்களையும் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதுடன், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் படித்தும் காட்டுமாறு ஊராட்சி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நூலக நேரத்தை மாற்றும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் முன்வைக்க எங்கள் வாசகர் வட்டத்தினர் எண்ணியிருக்கிறோம். மற்ற ஊர்களின் வாசகர்களும் அவரவர் கிராம சபையில் இதனை எழுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலக வாசகர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.