கொடி ஏற்றியபின் எங்கே ஓடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகள் வாழும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் புயல் நெருங்க நெருங்க ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள் ஏற்றப்படுகின்றன; எழுத்தறியாத ரோஹிங்கியா மூதாட்டிக்கும் புரியும் இந்த ஏற்பாட்டை, கையில் ஒலிபெருக்கியுடன் குடிசை குடிசையாகச் சென்று தம் மக்களின் மொழியிலேயே விளக்கும் அகதித் தொண்டர்கள்தாம் உயிர்ப்புடன் வைத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் மோக்கா புயல் வந்தபோது அவர்களின் உழைப்பின் அருமை தெரிந்தது. ஆனால், ஒதுங்கப் போகும் கற்றல் கூடமும் மூங்கிலும் தார்ப்பாயுமாகவே இருக்கையில் எச்சரிக்கை பாதிப் பயனே தரும். 2021 மார்ச் 22 அன்று இதே முகாம்களில் நேர்ந்த தீவிபத்தில், சுற்றியிருந்த முள்வேலி தங்களைத் தப்பவிடாமல் மறித்ததாக உயிர்பிழைத்தவர்கள் சொன்னது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. வேலிகளில் அவசர வழிகள் திறக்கப்பட வேண்டும். முகாமுக்குள் உறுதியான புகலிடங்கள் கட்ட அந்நாட்டு அரசு அனுமதிக்க வேண்டும்.

– வாசகர், கடலூர்