அம்மாவின் சேமலாபக் காசும் தம்பியின் எதிர்காலமும்: மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்களே, வணக்கம்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார், அப்பாவும் அதே தோட்டத்தில்தான். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், வயது இருபதைத் தாண்டிவிட்டது. சொன்னதைப் புரிந்துகொள்வான், பீலியில் தண்ணீர் பிடித்து வருவான், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பான். காசை எண்ணிப் பார்க்கவோ வங்கிப் படிவத்தில் கையெழுத்து வைக்கவோ அவனால் முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் தாய் தகப்பன் காலமான பிறகு எதை வைத்துச் சாப்பிடுவார்கள், எங்கே தங்குவார்கள் என்பதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "கூடப் பொறந்தது இருக்கே, அது பார்த்துக்கும்" என்பார்கள். நான் பார்த்துக்கொள்வேன், அதில் எனக்கு இரண்டு மனமில்லை. ஆனால் நானும் ஒரு நாள் படுக்கையில் விழலாம், கல்யாணமாகிப் போகிற வீட்டில் என் கையில் காசு புழங்காமல் இருக்கலாம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கிற எத்தனையோ அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் இதே நிலைதான். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் போதாது, அதற்கென்று தனியாக ஒதுக்கிய காசும் வேண்டும்.

அது எங்கிருந்து வரும்? எங்கள் ஆட்களிடம் காணி இல்லை, கடை இல்லை, இருப்பது சேமலாப நிதி (வேலையை விடும்போது கிடைக்கிற EPF சேமிப்பு) ஒன்றுதான். 2024இல் 1350 ரூபாயாக்கிய நாள் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, தொழிலாளியின் 8 சதவீதம் 108 ரூபாய், தோட்டம் போடுகிற 12 சதவீதம் 162 ரூபாய், சேர்த்தால் 270. மாதம் இருபது நாள் பேர் போட்டால் 5400 ரூபாய். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) தோட்டம் 3 சதவீதம் கட்ட வேண்டும். முப்பது வருஷம் மலையேறி இறங்கின ஒரு பெண்ணின் கைக்குப் பெரிய தொகை என்று ஒன்று வருவது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், 50 வயதுக்குப் பிறகு வேலையை விடும்போது (ஆண்களுக்கு 55). வந்தவுடன் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அடகில் கிடக்கிற நகை, மூத்த மகளின் கல்யாணக் கடன், கூரைத் தகரம், மகனின் ஆட்டோவுக்கு முற்பணம், வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரர். இதில் எதையும் வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லோருடைய பங்கும் போன பிறகு, கேட்கத் தெரியாத பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

முதலில் பின்னுரித்தாளி விஷயத்தை, அதாவது தொழிலாளி இறந்துபோனால் சேமலாபக் காசு யாருக்கு என்று பெயர் கொடுப்பதை, பாருங்கள். வேலைக்குப் பதிந்த வயதில் தன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றும் அதை மாற்றாமலே இருக்கிறவர்கள் எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். சரி, இந்தப் பிள்ளையின் பெயரையே போடலாமே என்றால், கையெழுத்து வைக்க முடியாதவனுக்கு வருகிற காசை யார் எடுப்பது? அண்ணன் பெயரைப் போட்டால் காசு அண்ணன் கைக்குப் போகும், அது தம்பிக்குரியது என்று எங்கும் எழுதியிருக்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு யாரும் சொன்னதில்லை. எடுத்த காசில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, மரண சாசனம் (உயில்) எழுதி, அந்தப் பங்கைப் பிள்ளையின் பராமரிப்புக்கான நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது இன்னொருவர் பிள்ளைக்காகவே வைத்துச் செலவழிக்க வேண்டிய காசாக, ஆக்கலாம். அதற்கான கட்டளைச் சட்டம் 1917இலிருந்தே நாட்டில் இருக்கிறது. குடும்பத்தில் நம்பக்கூடிய ஆள் இல்லாவிட்டால் அரசாங்கத்தின் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரையே நியமிக்கலாம், அதற்கென்று கொழும்பில் ஒரு திணைக்களமே நடக்கிறது. சாசனத்துக்கு நொத்தாரிசும் (உறுதி எழுதுகிறவர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள். இதெல்லாம் கொழும்புப் பணக்காரர் வேலை என்று விட்டுவிடாதீர்கள், சில லட்சங்களை மட்டும் வைத்திருக்கிற தாய்க்குத்தான் இது அதிகம் தேவை.

ஒதுக்கிய காசை எங்கே போடுவது என்பதிலும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கூடுதல் வட்டி என்று ஆசை காட்டுகிற ஒரே நிதிக் கம்பனியில் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது, ஏனென்றால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது மாத வட்டியை நம்பியிருந்த வயசாளிகள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவு 2025இல் மாதம் 10,000 ரூபாயாகக் கூடியது, அது பெரிய உதவிதான், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற காசு அது, சாப்பாடு, மருந்து, படுக்கையில் இருக்கிற பிள்ளைக்குப் பம்பர்ஸ் என்று கணக்குப் போட்டால் மாதக் கடைசி வரைக்கும் வராது.

அப்புறம் சட்டம். பதினெட்டு வயதானதும் பெற்றோர் சட்டப்படி பாதுகாவலராக இருப்பது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளையின் சொத்தைக் கையாள மாவட்ட நீதிமன்றத்தில் நியமனம் வாங்க வேண்டும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடுகிற ஆட்கள் வழக்குக்கு எப்படி அலைவார்கள்? இந்தியாவில் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கிற உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்க வழி செய்திருக்கிறார்கள். இங்கே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் 2016இல் ஏற்றுக்கொண்டோம். பிரதேச செயலக மட்டத்தில், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுக்கிற மாதிரி ஒரு குழு ஏன் நமக்கு வரக் கூடாது? உங்களில் நாடாளுமன்றத்தில் இருக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வீடும் இருக்கிறது. லயக் காம்பராவோ தோட்டத்துடையது. ஏழு பேர்ச்சில் தனி வீடு கிடைத்து, உறுதியும் கைக்கு வந்த குடும்பங்கள், வீட்டை யார் பெயரில் எழுதினாலும் இந்தப் பிள்ளைக்குச் சீவிய உரித்து வைத்து எழுத முடியுமா என்று நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அவன் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் அவனுக்கு உரிமை உண்டு.

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய காசு இல்லை. மாதாமாதம் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) சந்தா பிடிக்கிறீர்கள், அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளின் பட்டியலை எடுக்கட்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு முதலில் அதை எடுத்துக் கொடுங்கள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சேமலாப நிதி தெரிந்த ஒரு உத்தியோகத்தரையும் ஒரு நொத்தாரிசையும் சட்ட உதவி ஆணைக்குழுவிலிருந்து ஒரு சட்டத்தரணியையும் தோட்டத்துக்கே கூட்டி வந்து, தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து, பெற்றோருக்கு விளங்கப்படுத்துங்கள். 45 வயதைத் தாண்டிய தாய்மாரிடமிருந்து தொடங்குங்கள், காசு கைக்கு வந்த பிறகு போய்ப் பேசிப் பிரயோசனமில்லை. எங்கள் பக்கத்தில் தொடங்குவதானால் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத நான் வருகிறேன், என்னைப் போல அக்காமார் இன்னும் சிலரும் வருவார்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், ஒரு தம்பியின் அக்கா