வத்தை தொண்டிக்குப் போகிறது

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் பாய்மரப் படகை, அந்த வத்தையை, விற்க முடிவு செய்துவிட்டேன். அச்சாரமும் வாங்கியாயிற்று. தொண்டிப் பக்கத்தில் பாய்மரப் போட்டிக்குப் படகு விடும் ஒருவர் வளர்பிறையில் வந்து கொண்டுபோகிறார். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் இடைமறிப்பீர்கள், நானும் வழக்கம்போலச் சரி என்று சொல்லிவிடுவேன், ஆகவே எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும் இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். சென்ற ஆடியில் அதன் பழைய புகைப்படத்தைப் போட்டு, உயிர் உள்ளவரை விடமாட்டோம் என்று நீங்கள் எழுதியதும் எல்லோரும் படிக்கும் இடத்தில்தான்.

வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு நிறுத்தலாம் என்றீர்கள். செலவை அனுப்புவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கரையேற்றிய மரப்படகு நிழலில் கிடந்தாலும் காய்ந்து சுருங்கும். பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். தண்ணீரிலேயே விட்டுவைத்தால் உப்புநீர்ப் புழு உள்ளிருந்து துளைத்து, வெளியே வழவழப்பாகத் தெரியும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே உடையும்படி செய்துவிடும். அப்பா ஐப்பசி கார்த்திகையில் கோரையாற்றில் மழைவெள்ளம் இறங்கும்போது வத்தையை ஆற்றுக்குள்ளேயே மேல்பக்கம் ஏற்றிக் கட்டிவைத்தது வேடிக்கைக்காக அல்ல. அந்தப் புழு நன்னீரில் சாகும். மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், நம் கடைமடையில் புழுவைக் கொல்லும் தண்ணீரைத் தருவது வடகிழக்கு மழைதான். அது ஏய்த்த ஆண்டுகளில் நான் பழைய பஞ்சைக் கிண்டியெடுத்துப் புதுப் பஞ்சு திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசிக் காலம் தள்ளினேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடப் பையன்கள் இருக்கிறார்கள். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும் கை ஊரில் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறுவதற்கு முந்தைய மாலை, வத்தையில் தண்ணீரை நிரப்பி ஆற்றோரமாக மூழ்கடித்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போனோம். விடிந்தபோது தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. அது மட்டும் சேற்றுக்குள் முழுதாக இருந்தது. தென்னை எத்தனை போயிற்று என்று அன்றே கேட்டீர்கள். அதைச் சேற்றிலிருந்து எப்படி எடுத்தோம் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் குளித்துவிட்டுத் திரும்பிய மாலையைக் கல்யாண வீடுதோறும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறீர்கள்: தம்பி பலகை நுனியில் உட்கார்ந்தபடியே தூங்கிக் கடலில் விழுந்தான் என்று. நான் தூங்கவில்லை. போகும்போது முதுகில் தள்ளிய கச்சான் காற்று வரும்போது முகத்தில் அடித்ததால், கடலை நோக்கி ஓர் ஓட்டம், கரையை நோக்கி ஓர் ஓட்டம் என்று சாய்ந்து சாய்ந்தே மேற்கே ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா பாய் கட்டிய கழியான பருமலை இறக்கிப் பாயை மரத்துக்கு மறுபக்கம் மாற்றுவார். படகு கவிழாமலிருக்கக் காற்று வரும் பக்கம் வெளியே நீட்டியிருக்கும் பலகையை நாம் இருவரும் இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளுவோம். எடை போதாதென்று நான் அதன் நுனிவரை ஊர்ந்துபோய் உட்காருவேன். அம்மா ஈரத்துணி மூட்டையோடும் தூக்குச்சட்டியோடும் நடுவில் இருந்தார். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு உங்கள் கையில் இருந்தது. அதை எந்தக் காரணத்துக்காகவும் கட்டக் கூடாது, கையில்தான் பிடித்திருக்க வேண்டும், காற்று ஏறினால் அந்த நொடியே விட வேண்டும் என்பதுதான் அப்பா நமக்குச் சொன்ன முதல் பாடம். முகத்துவாரத்தை நெருங்கியபோது உங்கள் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நீங்கள் கயிற்றைக் குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டதை நான் பலகையிலிருந்து பார்த்தேன். காற்று ஏறியது. முடிச்சு இறுகிக்கொண்டது. படகு மறுபக்கம் சாய, பலகை என்னை மேலே தூக்கி உதறியது. அப்பா அரிவாளால் கயிற்றை வெட்டிப் பாயை விடுவித்தார்.

நீங்கள் யோசிக்காமல் குதித்தீர்கள். எழுந்து நின்று பார்த்தால் தண்ணீர் உங்கள் மார்பளவுதான். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் நடந்தே படகுக்கு வந்தீர்கள். தோல் உரிந்த கையில் உப்புநீர் எப்படி எரிந்திருக்கும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. முடிச்சைப் பற்றி நான் அப்பாவிடம் சொல்லவில்லை. வெட்டிய கயிற்றைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டிருப்பார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. இருவருமாக உங்களைக் காப்பாற்றிவைத்த கதையில் நான் தூங்குமூஞ்சியாகவே மிஞ்சினேன்.

இதை இத்தனை பேர் முன்னால் அவிழ்த்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிங்கப்பூர் போன சூழலைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அதில் சம்பந்தப்பட்ட இன்னொருவரும் இதைப் படிக்கிறார். அம்மாவின் வைத்தியமும் என் படிப்பும் உங்கள் பணத்தில் நடந்தன; அதை மறுத்தால் நான் மனிதனே இல்லை. ஆனால் பணம் அனுப்பியவர் சொல்வதுதான் வத்தைக்கும் முடிவு என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. அதன் நீரை இறைத்தவனுக்கும் ஒரு சொல் உண்டு.

வாங்குபவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விலை பேசுமுன் படகின் அடிக்கட்டையான ஏராவுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகை பலகையாகச் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்டார். இரண்டை மாற்ற வேண்டும் என்றார். நான் சந்தேகப்பட்டிருந்ததும் அதே இரண்டைத்தான். எஞ்சின் வைப்பீர்களா என்று கேட்டேன். போட்டிக்கு எஞ்சின் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை. குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டான் என்று உறவுக்காரர்கள் உங்களிடம் சொல்வார்கள், உண்மைதான்.

பாதி உங்களுடையது. தொகையை இங்கே எழுதவில்லை. வங்கிக் கணக்கு எண்ணைத் தனியாக அனுப்புங்கள். விற்கக் கூடாது என்று சொல்வதானால் மட்டும் தொலைபேசியில் கூப்பிடாமல், நீங்களும் எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி