மாத்திரையில் படிக வடிவமும் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துத் தரம் என்றாலே, அட்டையில் போட்டிருக்கும் அளவு மாத்திரைக்குள் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த மருந்து எந்தப் படிக வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். 1996-ல் விற்பனைக்கு வந்த எச்.ஐ.வி. மருந்து ரிட்டோனவிர், எதிர்பாராத புதிய படிக வடிவம் தலைகாட்டியதால் 1998-ல் கேப்சூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

குடற்புழு மருந்து மெபெண்டசோலுக்கு ஏ, பி, சி என மூன்று வடிவங்கள். மூலக்கூறு ஒன்றுதான், அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. சிகிச்சைக்கு உகந்தது சி. ஏ வடிவம் மிகக் குறைவாகவே கரையும். புழுவின் மேல் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. (பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுப்பது அல்பெண்டசோல். பெற்றோர் குழம்ப வேண்டாம்.)

வழக்கமான சோதனையில் இது ஏன் தப்பிவிடுகிறது? மருந்தின் அளவைக் காணும் எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை) முறையில் மாத்திரையைக் கரைத்த பிறகுதான் அளக்கிறோம். கரைந்த பின் படிகம் ஏது? மூன்று வடிவமும் ஒரே விடைதான் தரும். கரைதிறன் சோதனையிலும் அமிலத்தோடு சோப்பு போலக் கரைக்க உதவும் சோடியம் லாரில் சல்பேட் 1 சதவீதம் சேர்ப்பதால் ஏ வடிவமும் கரைந்து தேறிவிட வாய்ப்புண்டு. திடநிலையிலேயே பார்ப்பதுதான் வழி.

பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உறிஞ்சும் இடங்களைத்தான் பட்டை என்கிறோம். என்-எச் (நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு) பட்டை ஏ-க்கு 3370, பி-க்கு 3340, சி-க்கு 3410 செ.மீ.⁻¹ (அலை எண்) அருகே வரும். கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை அதே வரிசையில் 1730, 1700, 1720. கோளாறு நேர்வது மாதிரி தயாரிப்பில். நம் கல்லூரி ஆய்வகங்களில் 1 மி.கி. மருந்தை 200 மி.கி. பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, பல டன் அழுத்தத்தில் வில்லையாக்குவது பழக்கம். இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலூரில் சொல்லவே வேண்டாம். ஈரத்தின் அகன்ற பட்டை 3400 அருகேதான் எழும். நாம் தேடும் 3410 அதற்குள் புதைந்துபோகும். உப்பை 110 டிகிரியில் உலர்த்தினாலும், அரைக்கும் நேரத்திலேயே மறுபடி ஈரம் ஏறும். தவிர, அரைப்பதும் அழுத்துவதும் சில மருந்துகளின் வடிவத்தையே மாற்றிவிடும். பிறகு நாம் பார்ப்பது மாத்திரையில் இருந்த படிகமே அல்ல.

ஆகவே நூஜால் என்ற கனிம எண்ணெயில் லேசாகக் குழைத்துப் பார்ப்பதே மேல். எண்ணெயின் பட்டைகள் 2920, 2850, 1460, 1375-ல் நின்றுவிடும். நமக்கு வேண்டிய இரண்டு இடத்தையும் தொடாது. மாதிரியைப் படிகத்தின் மேல் வைத்தே அளக்கும் ஏ.டி.ஆர். இணைப்பு கருவியில் இருந்தால் அரைக்கும் வேலையே இல்லை. ஆனால் அதில் பட்டைகள் சற்றே கீழே நகர்ந்து தெரியும் என்பதால், ஒப்பிடும் தர மாதிரியையும் ஏ.டி.ஆரிலேயே எடுக்க வேண்டும். ஏ-க்கும் சி-க்கும் கார்பனைல் இடைவெளி 10 செ.மீ.⁻¹தான், நெருங்கிய பட்டைகளைப் பிரித்துக் காட்டும் பிரிதிறனை 4 செ.மீ.⁻¹-க்கு வைக்காமல் பார்த்துப் பயனில்லை. முழு மாத்திரையில் நிரப்புப் பொருளான லாக்டோஸ் இருந்தால் அதன் ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பட்டை 3400 பக்கத்தை மறைக்கும். அப்போது கார்பனைலைத்தான் நம்ப வேண்டும்.

லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில் மாத்திரையை உடைக்காமலே பார்க்கலாம். நிறமேற்றிய மாத்திரை ஒளிர்ந்து சமிக்ஞையை மூழ்கடித்தால், 1064 நானோமீட்டர் லேசர் கைகொடுக்கும். லேசரின் திறனைக் கூட்டினால் அந்தச் சூடே படிகத்தை மாற்றக்கூடும். சந்தேகம் நீடித்தால் படிக அடுக்கை நேரடியாகக் காட்டும் எக்ஸ்-கதிர் தூள் விளிம்பு விளைவுச் சோதனையே முடிவானது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மருந்தியல் கல்லூரிகள் இந்தச் சோதனையைச் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். மெபெண்டசோலை மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும், பகுப்பாய்வுச் சான்றிதழில் "படிக வடிவம்: சி" என்ற வரியையும் அதற்கான நிறமாலை நகலையும் கொள்முதல் நிபந்தனையாகவே கேட்கலாம். கருவி இல்லாதவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நுட்பக் கருவி மையம் இருக்கிறது. வெளி மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஆய்ந்து தருகிறார்கள்.

இப்படிக்கு,
மருந்துப் பகுப்பாய்வு ஆசிரியர்,
காட்பாடி.