டிசைனர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஹைட்ட மட்டும் ஃபிக்ஸ் பண்ணாதீங்க

ஃபிக்மாங்கற டிசைன் ஆப்ல கலக்குற டிசைனர் மக்களே, வணக்கம்.

நீங்க வரையுறத சிஎஸ்எஸ்ஸா, அதாவது வெப் பக்கத்தோட தோற்றத்த சொல்ற கோடா, மாத்துற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். சண்ட போட வரல. ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லணும்னு நெனச்சுட்டு கடைசில தலையாட்டிட்டு எழுந்து வந்துடுறேன், அதான் இங்க கொட்டிடுறேன்.

உங்க ஃபைல்ல ரெண்டே ஃப்ரேம், ஒண்ணு 1440 பிக்ஸல் அகலம், கம்ப்யூட்டருக்கு, இன்னொண்ணு 390, ஃபோனுக்கு. நடுவுல 700ல என்ன ஆகும்னு கேட்டா "அத ரெஸ்பான்சிவ்வா, ஸ்க்ரீனுக்கு ஏத்தாப்ல மாறுற மாதிரி, பாத்துக்கோங்க"ங்கறீங்க. சரி, அகலத்த நான் பாத்துக்குறேன், க்ரிட்ல (பொட்டிகள வரிசையா அடுக்குற சிஎஸ்எஸ் முறை) ஆட்டோ-ஃபிட்டும் மின்மேக்ஸும் போட்டு கார்டு 16 ரெம்முக்கு (ரெம்னா ப்ரவுசரோட எழுத்து சைஸ வெச்சு அளக்குற அளவு) கீழ போகாதன்னு சொல்லிட்டா, ஒவ்வொரு அகலத்துக்கும் மீடியா க்வெரின்னு தனி விதி எழுதாமலே அது பாட்டுக்கு மடங்கிக்கும். என் பிரச்சன உயரம் தான்.

கார்டு ஹைட் 240, பட்டன் ஹைட் 44, தலைப்பு ரெண்டு வரி. உங்க ஃபைல்ல எல்லா தலைப்பும் சொல்லி வெச்ச மாதிரி ரெண்டே வரில முடியுது, ஏன்னா அத எழுதினதே நீங்க. நெஜத்துல ஒருத்தர் ஒரே வார்த்தைல முடிப்பார், இன்னொருத்தர் கதையே எழுதுவார். ஒரு தடவ ஃபைல்ல இருந்த மாதிரியே ஹைட் போட்டு, எழுத்து வெளிய வழியுதேன்னு ஓவர்ஃப்ளோ ஹிட்டனும் (வழியுறத மறைச்சுடும்) போட்டு அனுப்பிட்டேன், இங்லீஷ்ல பக்காவா இருந்துச்சு. அப்புறம் தமிழ் வெர்ஷன் ஏத்துனாங்க. "சேவ்" இருந்த எடத்துல "சேமிக்கவும்", "சப்மிட்" இருந்த எடத்துல "சமர்ப்பிக்கவும்", பட்டன் பாதியிலயே வெட்டிருச்சு, லைன்-ஹைட் (ஒரு வரிக்கு ஒதுக்குற உயரம்) எழுத்து சைஸ்ல 1.1 மடங்குன்னு இருந்ததால மேல் வரி "கு"வோட வாலும் கீழ் வரி "கி"யோட கொக்கியும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. என் தப்பும் அதுல இருக்கு, ஒத்துக்குறேன், ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போடுறது குப்பைய பாய்க்கு அடில தள்ளுற வேல.

பெரிய வித்தையெல்லாம் வேணாம். ஹைட் இருக்குற எடத்துல மின்-ஹைட் (கொறஞ்சபட்ச உயரம், தேவைன்னா வளரும்), பட்டனுக்கு உயரம் பேடிங்ல (எழுத்த சுத்தி விடுற எடம்) இருந்து வரட்டும், லைன்-ஹைட்ட 1.6 மாதிரி வெறும் நம்பரா குடுங்க. பக்கத்து பக்கத்து கார்டெல்லாம் ஒரே உயரத்துல நிக்கணும்ங்கற உங்க ஆசைய க்ரிட் தானாவே செஞ்சுடும், ஒரே வரிசைல இருக்குறதுல எது பெருசோ அந்த அளவுக்கு மத்ததும் நீளும். பட்டன் எல்லாம் கீழ ஒரே கோட்டுல வரணுமா, கார்ட ஃப்ளெக்ஸ் காலமாக்கி (உள்ள இருக்குறத மேலிருந்து கீழா அடுக்குறது) பட்டனுக்கு மார்ஜின்-டாப் ஆட்டோ (மிச்ச எடமெல்லாம் பட்டனுக்கு மேல போயிடும்), முடிஞ்சுது. நீளமான ஈமெயில் ஐடி கார்ட கிழிச்சுட்டு வெளிய வந்தா ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர், அது நடுவுல ஒடச்சு அடுத்த வரிக்கு கொண்டு போயிடும். (ஃப்ளெக்ஸ் உள்ள இருக்குற ஐட்டம் ஏன் சுருங்கவே மாட்டேங்குதுன்னு நான் முழிச்ச ராத்திரிகளுக்கு கணக்கே இல்ல, அதோட மின்-விட்த் (கொறஞ்சபட்ச அகலம்) சும்மா விட்டா ஆட்டோ, 0ன்னு எழுதணும், அவ்ளோ தான்.)

"320 அகலத்துல எந்த ஃபோன் இருக்கு"ன்னு சிரிச்சீங்கல்ல? ஃபோன விடுங்க, 1280 அகல ஸ்க்ரீன்ல கண்ணு சரியா தெரியாத ஒருத்தர் 400% ஸூம் பண்ணா அவருக்கு மிஞ்சுறது அந்த 320 தான், 2018ல வந்த டபிள்யூசிஏஜி 2.1 (எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் செய்யுறதுக்கான வழிகாட்டி) இதையே கணக்குல வெச்சு, பக்கவாட்டுல ஸ்க்ரோல் பண்ணாம படிக்க முடியணும்னு கேக்குது. இன்னும் சில பேர் ப்ரவுசர் செட்டிங்ல எழுத்து சைஸ 16ல இருந்து 24க்கு ஏத்தி வெச்சிருப்பாங்க, ரெம்ல இருக்குற எழுத்து வளரும், பிக்ஸல்ல பூட்டுன பொட்டி வளராது, அப்புறம் அவங்க படிக்குறது பாதி வாக்கியம்.

ஹீரோ செக்ஷன் (பக்கத்தோட மேல வர்ற பெரிய முதல் பகுதி) ஃபுல் ஸ்க்ரீன் வேணும்ங்கறதும் இதே கத தான். 100விஎச் (ஸ்க்ரீன் உயரம் முழுசும்) போட்டா மொபைல்ல அட்ரஸ் பார் தெரியுற நேரம் கீழ இருக்குற பட்டன் மறைஞ்சிடுது, அதனால 100எஸ்விஎச் (அட்ரஸ் பார் தெரியுறப்போ மிஞ்சுற உயரம்) போடுறேன், அதுவும் மின்-ஹைட்டா.

அடுத்த ஃபைல்ல ஒரு கார்டுல நாலு வரி தலைப்பு, இன்னொண்ணுல படமே இல்லாம, இப்படி ரெண்டே ரெண்டு போட்டு அனுப்புங்க. பாக்க அசிங்கமா வந்தா ஒரு கால் அடிங்க, ஸ்க்ரீன் ஷேர் போட்டு சேந்தே சரி பண்ணுவோம்.

இப்படிக்கு,
பிக்ஸல் எண்ணியே கண்ணு பூத்துப்போன ஒரு ஃப்ரன்ட்எண்ட்காரன்