பேட்டரியை மாற்றும் முன் மில்லியாம்பியரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரை வெகுநாள் எடுக்காமல் நிறுத்தி வைப்பவர்களுக்கு வாகனப் பராமரிப்புப் பகுதிகளில் தவறாமல் ஒரு யோசனை அச்சாகிறது: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓடவிடுங்கள், பேட்டரி இறங்காது. பழைய கார்களுக்கே இது அரைகுறையாகத்தான் பொருந்தும். இன்றைய கார்களுக்குப் பல சமயம் பொருந்தவே பொருந்தாது. இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். இரண்டு தடவை செல்ஃப் எடுக்கவில்லை என்றால், ஏன் இறங்கியது என்று பார்க்காமலேயே புது பேட்டரியை வாங்கி மாட்டிவிடுகிறோம். பழைய பேட்டரியை இறக்கிய கோளாறு காருக்குள் அப்படியே இருக்கும். புதியதையும் அது இறக்கும். இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் கணக்கு. சாவியைத் திருகி அணைத்துக் கதவைப் பூட்டியதும் கார் முழுவதுமாக அணைந்துவிடுவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், செல்போன் ஆப்புடன் தொடர்பில் இருக்கும் சிம் கார்டு யூனிட் என்று ஒரு கூட்டமே விழித்திருக்கிறது. பழுதில்லாத காரில் இவை எல்லாம் சேர்ந்து எடுக்கும் மின்சாரம் பொதுவாக 20 முதல் 50 மில்லியாம்பியர் (ஆயிரம் மில்லியாம்பியர் ஓர் ஆம்பியர்). 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி). 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் பாதி தீர 19 நாள் போதும். பாதிக்குக் கீழே இறங்கிய, வயதான பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றத் திணறும். ஆக, ஒரு குறையும் இல்லாத கார்கூட மூன்று வாரம், ஒரு மாதம் சும்மா நின்றால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வெயிலில் நிற்கும் காருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். சூடு ஏற ஏற பேட்டரி உள்ளுக்குள்ளேயே தானாகச் சார்ஜ் இழக்கும் வேகமும் கூடும்.

பழுது இருந்தால் நாட்கள் சட்டென்று சுருங்கிவிடும். 300 மில்லியாம்பியர் கசிந்தால் அதே பேட்டரி மூன்றே நாளில் பாதியாகிவிடும். டிக்கி மூடியும் உள்ளே அணையாத 5 வாட் பல்பு ஒன்று மட்டும் நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி குடிக்கும். எத்தனை நாளில் இறங்குகிறது என்று கவனித்தாலே கசிவு எவ்வளவு பெரியது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். மெக்கானிக்கிடம் போகும்போது ‘அடிக்கடி இறங்குகிறது’ என்று சொல்வதைவிட ‘நன்றாகச் சார்ஜ் செய்து நிறுத்தியபின் நான்காம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது அந்த 10 நிமிடத்துக்கு வருவோம். ஒருமுறை செல்ஃப் அடிக்க 150, 200 ஆம்பியர் தேவைப்பட்டாலும் அது ஒன்றிரண்டு விநாடிதான். செலவாவது 0.1 ஆம்பியர்-மணி அளவு. அதைச் சில நிமிடங்களில், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் திருப்பித் தந்துவிடும். ஆனால் நின்ற ஒரு வாரத்தில் போன 8.4 ஆம்பியர்-மணியை 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால் பேட்டரிக்குள் 50 ஆம்பியர் இடைவிடாமல் போக வேண்டும். கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. தருவதிலும் ஒரு பங்கை ரேடியேட்டர் ஃபேன், ஏசி புளோயர், ஃபியூயல் பம்ப் ஆகியவை எடுத்துக்கொள்ளும். கார்களில் வழக்கமாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியோ சார்ஜ் ஏற ஏற மின்சாரத்தை வாங்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும்; கடைசி 20 சதவீதம் நிரம்ப மணிக்கணக்காகும். போதாததற்கு, பல புதிய கார்களில் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். எரிபொருளை மிச்சப்படுத்த அது பேட்டரியை 80 சதவீதம் அளவிலேயே வைத்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தை ஏற்ற மீதி இடத்தைக் காலியாக விட்டுவைக்கும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல் வீண். அரைகுறையாகச் சூடான சைலன்சருக்குள் தண்ணீர் தேங்குவது கூடுதல் நஷ்டம். ஓட்டுவதாக இருந்தால் அரைமணி, முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். அதுகூட ஓரளவுக்குத்தான்.

பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓட்டி நிறுத்திய உடனே பார்க்கக் கூடாது. மேலோட்டமான சார்ஜ் வோல்ட்டை உயர்த்திக் காட்டும். இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 பாதி. 12.0 வோல்ட் என்பது கால்வாசிதான், ‘12 வோல்ட் பேட்டரி, 12 காட்டுகிறது, சரிதானே’ என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரியில் இந்த எண்கள் சற்றே மேலே இருக்கும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கார்களில் சில நேரம் 12.8 வரை இறங்கி ஏறும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட வேண்டாம். ஹெட்லைட் போட்டு மறுபடி பாருங்கள்.

கசிவைப் பிடிப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. அவசரத்தில்தான் பெரும்பாலும் தப்பான முடிவு வருகிறது. இன்றைய காரில் பத்திருபது கம்ப்யூட்டர்கள் கேன் எனப்படும் ஒரே கம்பி ஜோடியில் பேசிக்கொள்கின்றன. பூட்டியவுடன் அவை தூங்குவதில்லை. 10 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை ஒவ்வொன்றாக ஸ்லீப்புக்குப் போகும். அதுவரை மீட்டரில் சில ஆம்பியர்கூடத் தெரியலாம். ஐந்து நிமிடத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு ‘பெரிய லீக்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அதேபோல், ஒரேயொரு யூனிட் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தால் மற்ற எல்லாவற்றையும் எழுப்பியே வைத்திருக்கும். கதவு லாக்குக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்ச் தேய்ந்து, மூடிய கதவைத் திறந்ததாகச் சொல்வது இதில் அடிக்கடி பார்க்கும் காரணம்.

அளக்கும் முறை இது. பானட்டைத் திறந்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பானட் திறந்திருக்கிறது என்றே கார் விழித்திருக்கும். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் ஓட்டுநர் கதவின் லாக்கையும் அப்படியே செய்யுங்கள். சாவியைச் சில மீட்டர் தள்ளி வையுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் செருக வேண்டும்; மில்லியாம்பியர் சாக்கெட்டில் செருகினால் முதல் நொடியிலேயே உள் ஃபியூஸ் போய்விடும். ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலும் மற்றொன்றை அதைப் பிடித்திருக்கும் கேபிளின் மைனஸ் கிளாம்பிலும் முதலை கிளிப்பால் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கிளாம்பை மெல்லக் கழற்றி எடுக்க வேண்டும். இணைப்பு ஒரு கணம்கூட விடக் கூடாது. விட்டால் எல்லா யூனிட்டும் ரீசெட் ஆகி, தூங்காமல் அடம்பிடித்த யூனிட் நல்ல பிள்ளையாகத் தூங்கிவிடும். கோளாறு கண்ணில் படாமலே போகும். மீட்டர் இப்படி நடுவில் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றி வையுங்கள். மறந்துபோய் அடுத்த முறை அப்படியே பேட்டரியின் இரு முனையில் வைத்தால் நேர் ஷார்ட்.

வயரைச் சுற்றிப் பிடித்தே டிசி (நேர் மின்னோட்டம்) அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்றவே வேண்டாம். வாங்கும்போது டிசி ஆம்பியர் காட்டுமா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பலவும் வீட்டு மின்சாரமான ஏசியை (மாறு மின்னோட்டம்) மட்டும்தான் அளக்கும்.

ஒரு மணி நேரம் கழித்தும் 50 மில்லியாம்பியரைத் தாண்டி நின்றால் எந்தப் பாதை என்று தேட வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. புதிய காரில் பிடுங்கினாலும் திருப்பிச் செருகினாலும் யூனிட் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். பிடுங்காமலே பார்க்கலாம். ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டையும் தொடுங்கள். மின்சாரம் போகாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். 10 ஆம்பியர் மினி ஃபியூஸில் 0.7, 0.8 மில்லிவோல்ட் தெரிந்தால் அதன் வழியாக ஏறத்தாழ 100 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். எந்த ஃபியூஸ் என்று தெரிந்தபின் அதில் என்னென்ன தொங்குகிறது என்பதை வயரிங் படம் சொல்லும். காயில் எனப்படும் கம்பிச் சுருளால் இயங்கும் ஸ்விட்ச்களான ரிலேக்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் அணைந்து ஒரு மணி நேரமாகியும் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் காயிலுக்கு இன்னும் மின்சாரம் வருகிறது. காயில் குளிர்ந்தும் உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு; அது கைக்குத் தெரியாது.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனால் கசிவு மட்டும் இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஆல்டர்னேட்டரை. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று உள்ளே பழுதானால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் போகும். அந்தத் தடித்த வயர் சிறு ஃபியூஸ்களின் வழியே வருவதில்லை என்பதால் பல கடைகளில் இது தப்பிவிடுகிறது. மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் பிளஸ் வயரை அவிழ்த்து, முனையைத் துணி சுற்றித் தனியாக வைத்து, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

வெளியே வாங்கிப் பொருத்தியவையும் பெரிய குற்றவாளிகள்: பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், இக்னிஷன் வயரை விட்டுவிட்டு நேர் பேட்டரியில் இழுத்த ஸ்டீரியோ, ஸ்டீரிங்குக்குக் கீழே, கோளாறு கண்டறியும் கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் நிரந்தரமாகச் செருகிய புளூடூத் கருவி. கசிவைத் தேடும் முன் இவற்றை எல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடியும். ஸ்மார்ட் சாவியை வாசலில் நிற்கும் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவதும் கூடாது. சாவி எட்டும் தூரத்தில் இருந்தால் சில கார்கள் திரும்பத் திரும்ப விழிக்கும். பேட்டரியின் மேல்முகம் ஆசிட் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் அந்த அழுக்கின் வழியாகவும் கசியும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவிட்டால் போதும், மூடிகளின் வழியாகக் கரைசல் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியோடு இறங்கிய பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து அப்படியே ஓட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது அதன் ஆயுளை அரிக்கும். இறங்கிய நிலையில் கிடக்கும் நாட்களில் தகடுகளில் படியும் லெட் சல்பேட் கெட்டியாகி, பிறகு கரையாமல் நின்றுவிடும். அன்றைக்கே சார்ஜரில் போடுவது நல்லது. 45 ஆம்பியர்-மணிக்கு 4, 5 ஆம்பியர் சார்ஜர், ஓர் இரவு முழுக்க. ஜம்ப் கேபிள் மாட்டும்போது கடைசிக் கறுப்பு கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, என்ஜினின் வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும். பேட்டரி வெளியிடும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் தீப்பொறி கூடாது. மைனஸ் போஸ்ட்டில் சார்ஜைக் கணக்கிடும் சென்சார் பொருத்திய கார்களில் சார்ஜரின் மைனஸையும் பாடி எர்த்தில்தான் மாட்ட வேண்டும். போஸ்ட்டில் மாட்டினால் ஏற்றிய சார்ஜ் சென்சார் கணக்கில் வராது.

ஒரு மாதத்துக்கு மேல் கார் நிற்கப்போகிறது என்றால் இரண்டே வழி. மின் இணைப்பு இருந்தால், நிரம்பியதும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிப் பராமரிக்கும் ஸ்மார்ட் சார்ஜர். இல்லையென்றால் நன்றாகச் சார்ஜ் ஏற்றி மைனஸைக் கழற்றி வைப்பது. கழற்றும் முன் இக்னிஷனை அணைத்து சில நிமிடம் காத்திருங்கள். கதவைத் திறக்கும் உலோகச் சாவி கையில் இருக்கட்டும். டிக்கிக்குள் பேட்டரி இருக்கும் காரில் டிக்கியைப் பூட்டிவிட்டால் பிறகு திண்டாட்டம். மறுபடி மாட்டும்போது கண்ணாடி ஏற்ற இறக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிவரும்; சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அதை இணைக்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரை மூடுவது 12 வோல்ட் மின்சாரம்தான். அந்தச் சிறிய பேட்டரி இறங்கினால் கார் அசையாது. செல்போன் ஆப்பில் மணிக்கொருமுறை சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பது காரை ஒவ்வொரு தடவையும் எழுப்புகிறது.

உற்பத்தியாளர்களிடம் கேட்க ஒன்று உண்டு. ஸ்லீப்பில் கார் எடுக்கும் மின்சாரம் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் அந்த நிலைக்கு வரும், முழு சார்ஜில் எத்தனை நாள் நிறுத்தலாம் என்ற மூன்று எண்களும் அவர்களிடம் இருக்கின்றன. கையேட்டின் பேட்டரிப் பக்கத்தில் அவற்றை அச்சிட இரண்டு வரி போதும். சர்வீஸ் சென்டர்களும் பேட்டரியை மாற்றச் சொல்லும் பில்லில், அளந்த வோல்ட்டையும் கசிவு மில்லியாம்பியரையும் எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் வாடிக்கையாளர் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்