தோவாளையிலிருந்து மகளுக்கு

மக்களே,

உனக்கு அனுப்பின முந்திரிக்கொத்து பார்சல் நேற்றுத் திரும்பி வந்தது. மேலே ‘இந்த விலாசத்தில் ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தது. கூரியர்காரனுக்குக் கதவு எண் பிடிபடவில்லை போலிருக்கிறது. ஒரு மாசமாக ‘நல்லா இருக்கேன்மா’ என்று மெசேஜ் மட்டும்தான் வருகிறது. வேலை அதிகமாக இருக்கும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

இங்கே நான் பூட்டியை, ஆச்சியின் அம்மாவை, பழைய பத்திரங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். வயலுக்கு முன்னாதாரம், அதாவது முந்தின பத்திரம், வேண்டும் என்று கேட்டார்கள், அதில் தொடங்கியது. பழைய ஆதாரமெல்லாம் திருவிதாங்கூர் காலத்து மலையாள எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆதாரம் எழுதுகிற ஒரு பெரியவர் கூட இருந்து வாசித்துத் தந்தார். கொல்லம் ஆண்டு 1098 ஐப்பசி என்று இருந்ததை 825 கூட்டி 1923 என்று குறித்துக்கொண்டு, ஆச்சியின் வயசு இடிக்கிறதே என்று ஒரு வாரம் குழம்பினேன். ஆவணி முதல் மார்கழி பாதி வரைக்கும் 824தான் கூட்ட வேண்டுமாம். அப்படியானால் 1922. சரியாக வந்துவிட்டது.

பூட்டி பெயரிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டுப்பேரை வைத்துத்தான் பிரித்தேன். அப்போது நமக்கு மருமக்கள்வழி, தாய்வழியில்தான் சொத்து என்பதால், ஆண்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் இல்லை, ‘இன்னார் மருமகன்’ என்று மாமன் பெயர்தான். பெண்களுக்குத் தாய் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகலாம். மற்ற ஊர்களில் கல்யாணத்தோடு பெண்ணின் தடம் போய்விடும். நம் ஆதாரங்களில் அவள் இருக்கிறாள்.

பூட்டியின் ஒழிமுறியும், கல்யாணத்தைத் தீர்த்து எழுதின பத்திரமும், கிடைத்தது. நம் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள், உனக்குத் தெரியும். இடுப்பில் ஆச்சியோடு நடந்தே வந்தாள் என்பதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவள் வெறுங்கையோடு வரவில்லை மக்களே. புருஷன் வீட்டிலிருந்து சேர வேண்டிய உகந்துடமையாக 6 மரக்கால் விதை விதைக்கிற வயலை எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். கொல்லம் 1101இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வருவதற்கும் முந்தி. சட்டம் வந்தபின் குடும்பம் பாகம் பிரித்தபோது எழுதின பத்திரத்திலும் அவள் பெயருக்கு நேரே ‘ஒப்பு’ என்று, அதாவது கையெழுத்து என்று இருக்கிறது. கைநாட்டு இல்லை. அந்தக் காலத்தில் எழுத்துத் தெரிந்தவள். உன் படிப்பு அங்கேயிருந்து வந்ததுதான்.

நீயும் உன் பேப்பர்களை உன் கையில் வைத்துக்கொள். சர்டிபிகேட், பேங்க் புத்தகம், நகை ரசீது எல்லாம். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீ ‘சரிம்மா’ என்று போனை வைத்துவிடுவாய்.

அப்புறம் பூட்டியின் உயில். அது மற்றப் பத்திரங்களோடு 1ஆம் புத்தகத்தில் இருக்காது, 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதினவர் இறந்தபிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். கேட்டு வாங்கினேன். வயல் ஆச்சிக்கு. வீட்டில் வடக்கு அறையை மட்டும் யாருக்கும் பிரிக்கவில்லை. தன் பெண்வழியில் எவளாவது தனித்து வந்தால் ஆயுள்வரை அதில் இருந்துகொள்ள வேண்டும், யாரும் தடை சொல்லக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறாள். பெரியவர் வாசிக்கும்போது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு பையோடு வந்து மூன்று ராத்திரி படுத்திருந்தது அந்த அறையில்தானே. நான் என்னவென்று கேட்கவில்லை. தெரியாமல் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாயே என்ற பயம். தம்பிக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். நாலாம் நாள் வடசேரியில் பஸ் ஏற்றிவிட்டு, ‘அனுசரிச்சுப் போ மக்களே’ என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா கேட்டதற்கு, சும்மா பார்க்க வந்தாள் என்று பொய் சொன்னேன். பூட்டிக்குத் திறந்த கதவை உனக்கு நான் சாத்தினேன். இத்தனை வருஷமாக அதற்குத் தம்பி கல்யாணத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வடக்கு அறையிலிருந்த நெல் மூட்டைகளை எடுத்தாயிற்று. போன வாரம் சுண்ணாம்பு அடித்தோம். எதற்கு என்று அப்பா கேட்கவில்லை.

முந்திரிக்கொத்து கெட்டுப்போகாது, உனக்கே தெரியும். இப்போது இருக்கிற விலாசத்தை எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம், விலாசம் மட்டும் போதும். பேப்பரெல்லாம் உன் கையில் இருக்கட்டும்.

அம்மா